கிரில்லுக்குக் காட்டிய கற்பூரம்

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சேர். கோழி, மீன் சுடுகிற கேஸ் கிரில் ஒன்றும் பெரிய வித்தையில்லை. சுடர் மஞ்சளாக எரிந்தால் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கும். கம்பி விட்டுக் குடைந்தால் நீலமாகிவிடும். கேஸ் வாடை அடித்தால், சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் ஓஸில் சவுக்காரத் தண்ணீர் தடவ வேண்டும். நுரை எழும்பும் இடத்தில் ஓட்டை. மழையில் பற்ற வைக்கக் கூடாது, கூரைக்குக் கீழேயும் இழுத்துப் போகக் கூடாது. இவ்வளவுதான்.

கித்துல்கல ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் முதலாளியின் விடுதி. ரப்பர் தோட்டத்து லயத்துக் குடியிருப்பிலிருந்து வந்து, அதன் பின்பக்கத்தில் பதினோரு வருசம் கிரில்லைப் பார்த்தவன் இந்த அழகமுத்து. ஆற்றில் படகு விட்டுக் களைத்து வருகிறவர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டுச் சாப்பிடுவார்கள். மூன்று மாசத்துக்கு முன்னால் அந்த இடத்தில் சுரேந்திரனை வைத்தார்கள். எங்கள் தோட்டத்து ஆள்தான். கொழும்பில் ஆறு மாசம் சமையல் கோர்ஸ் படித்தவன். எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை.

படித்த லட்சணத்தைக் கேளுங்கள். சுடர் மஞ்சளானதற்கு இரண்டு தடவை சிலிண்டரை மாற்றினான். கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு கோழி சுட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. தலைக்கனம் பிடித்தவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆயுத பூசைக்கு முதல் நாள் நான் ஓஸைச் சோதித்தேன். எலி கடித்த இடத்தில் நுரை பொங்கியது. புது ஓஸ் ஒன்று என் பெட்டியில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை.

பால்வெட்டுக் கத்தியிலிருந்து லொறி வரை சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறவர்கள் நாங்கள். கிரில்லுக்கும் உண்டு. வருசா வருசம் சிலிண்டரைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் காட்டுவேன். இந்த வருசம் கழற்றவில்லை. அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சிலிண்டரைத் திறந்துவிட்டு, அது இருக்கும் கிரில்லின் அடிக் கதவைச் சாத்தினேன். அப்புறம் கற்பூரத் தட்டை அவன் கையில் கொடுத்தேன்.

"இனி நீதானப்பா இங்க பெரிய ஆளு. நீயே காட்டு."

அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தியவன் மூக்கைச் சுளித்தான்.

"மாமா, கேஸ் வாடை மாதிரி இருக்குங்களே. பரவாயில்லீங்களா?"

மூன்று மாசத்தில் என்னிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி.

"சாம்பிராணி வாடைப்பா அது. கதவத் தொறந்து, குனிஞ்சு சிலிண்டருக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் வெந்த உடம்போடு இரண்டு நாள் கிடந்தான். நேற்றுக் காலையில் போய்விட்டான். அவன் அம்மா ஜெயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிருச்சேண்ணே" என்று அழுதாள். பாவம்தான். மகனுக்குக் கொஞ்சம் அடக்கம் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கலாம்.

நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்றைக்கு விடுதிக்கு இருபது பேர் வருகிறார்கள். ஐந்து மணிக்குள் என்னை விட்டால் நல்லது சேர். விவரம் தெரியாத எவனாவது அந்தக் கிரில்லில் கை வைத்தால் ஆபத்து.