ஒரு பருக்கை சோறு குடுக்கல்ல

கடியப்பட்டணத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மற்றவள் அவன் தங்கை.

மனைவிதான் வெடித்தாள். "புண்ணு ஆறல்ல, கால் வெரல எடுக்கணுமாம். ஈஸ்டருக்குக்கூட ஒரு பருக்கை சோறு குடுக்கல்லையே! பொறவு எப்பிடி சுகர் ஏறிச்சு?"

"வேற என்ன மைனி குடுத்திய?"

"காலையிலயும் ராத்திரியும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்."

"கிழங்கும் சோறு போலதான் மைனி. சுகர ஏத்தும்."

"ரெண்டு தண்ணி வடிச்சுல்லா அவிச்சேன்?"

"வடிச்சா கசப்புதான் போவும். மாவு கிழங்குலதானே கெடக்கு?"

தங்கை அண்ணியின் மடியைப் பார்த்தாள்.

"அந்தத் தூக்குச்சட்டியில அண்ணனுக்கு என்ன கொண்டு போறிய?"

மைனி மடியிலிருந்த சட்டியின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். அப்படியும் வெந்த மரவள்ளிக் கிழங்கின் மணம் பின் இருக்கைவரை வந்தது.