எண் இறங்காமல் கழுத்தைத் தைக்காதீர்!

கத்தி பிடித்த கையால் இன்று தலைமைப் பொறுப்பையும் பிடித்திருக்கும் அறுவை மருத்துவர் அவர்களே! வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தாலும் வாய்ப்பேச்சில் சாயாத பெரியோர்களே! அவர்களை அழைத்து வந்து வாசலிலேயே கால் வீங்கிய தாய்மார்களே! வணக்கம்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பிரிந்து அழுதது. ஆனாலும் பாராதைராய்டு பற்றி என்னைப்போல் பேச இங்கே ஒருவர் உண்டா? சிரிக்கிறவர்கள் மேடைக்கு வரலாம்! கழுத்துக்குள் பயறளவில் நான்கு சுரப்பிகள். சிறுநீரகம் படுத்துவிட்டால் இவை கொழுக்கும். கொழுத்தால் ஹார்மோனைக் கொட்டும். கொட்டினால் எலும்பின் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரையும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டியது போதுமா? மேசையில் படுத்திருக்கும்போதே ரத்தம் எடுத்து, ஹார்மோனின் எண் இறங்கியதா என்று பார்த்தால் தெரியும். அந்தச் சோதனையைத்தான், ஆபரேஷன் தியேட்டருக்குத் தாமதமாகிறது என்று இந்த ஆஸ்பத்திரியில் நிறுத்தப் போகிறார்களாம்! அடுத்த வாரம் கழுத்தை நீட்டப் போகும் தையற்கார அம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருக்காகத்தான் பேசுகிறேன்.

என் அக்காள் கணவருக்கு அறுவை நடந்த அன்று, தியேட்டர் வாசலில் ஒன்பது மணி நேரம் நின்றேன். யாரது, "மூணு மணி நேரம்தான்டா" என்பது? அக்காவா? சரி, மூன்று. என் கால்கள் ஒன்பது என்று எண்ணின. பக்கத்து அறையில் ஆய்வகப் பெண். இன்டர்காமில் இதோ நம் தலைவராக இருக்கும் இதே டாக்டரின் குரல்.

"மூணு எடுத்தாச்சு, நாலாவதைக் காணோம். சில பேருக்கு மூணுதான் இருக்கும். தைக்கப் போறேன்."

"ஆயிரத்து எண்ணூறு இருந்தது, ஆயிரத்து இருநூறுதான் சார் ஆகியிருக்கு."

"இவர் டயாலிசிஸ்காரர்மா, மெதுவாத்தான் இறங்கும். முப்பது வருஷமா பண்றேன், எனக்குத் தெரியாதா?"

"மெதுவா இறங்கும்னா இன்னும் பத்து நிமிஷம் நில்லுங்க சார். தச்சு முடிச்சுட்டு எதுக்குக் காத்திருக்கப் போறீங்க?"

ஆகா! சீட்டாட்டத்துக்கு விடிய விடிய உட்காரத் தெரியும், லிப்டுக்காகப் பத்து நிமிடம் நிற்கத் தெரியும், ஒரு மனிதனின் கழுத்துக்காக நிற்கத் தெரியாதா?

நின்றார். மறுபடி ரத்தம். ஆயிரத்து நூற்றைம்பது! இறங்குகிற எண்ணா அது? திண்டு போட்டு உட்கார்ந்துவிட்ட எண்! மறுபடி தேடினார். நெஞ்செலும்புக்குப் பின்னால் பதுங்கியிருந்தது நாலாவது, தேங்காய் அளவில்! ஏன் டாக்டர் தலையாட்டுகிறீர்கள்? நெல்லிக்காயா? மேடைக்கு அது தேங்காய்தான்! அதையும் எடுத்து, ஹார்மோன் அடியோடு வற்றிவிடாமல் இருக்கக் கடுகளவை மட்டும் கைத்தசையில் நட்டார். எண் இருநூறுக்கு வந்தது. மாடிப்படியைக் கண்டாலே அழுத அத்தான், இப்போது என்னை அதிலே துரத்துகிறார்!

அன்று தைத்திருந்தால்? இன்னொரு முறை அதே கழுத்தை அறுக்க வேண்டும். இதைக் கண்ணால் கண்ட டாக்டர் அவர்களே, சோதனையை நிறுத்தும் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதாமே! கை தட்டாதீர்கள், பதில் சொல்லட்டும். அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள். எண் இறங்கும்வரை காத்திருப்பீர்களா? இதோ மைக்.

கேட்டீர்களா? "காத்திருக்கேம்மா" என்கிறார்! கடைசி வரிசையில் யார், ஆய்வகப் பெண்ணா? சத்தமாகச் சொல்லம்மா!

"வாயால சொன்னா ஆச்சா ஐயா? தாள்ல இருக்கற கையெழுத்தை அடிக்கச் சொல்லுங்க!"

ஆஸ்பத்திரிச் செயலாளரே, உம் கோப்பில் இருக்கும் அந்தத் தாளை எடும்! பேனா என்னிடம் இருக்கிறது. அவசரமில்லை டாக்டர், நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.

அடித்துவிட்டார்! அடித்த கைக்கு நன்றி, கேட்ட வாய்க்கு வணக்கம்!