தேடியும் கிடைக்காத வரைபடம்

அவர் கடை பன்னில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஐயா. அலுவலகம் போகிற வழியில் இரண்டு வாங்குவேன். படியேறுவதற்குள் ஒன்று காலியாகியிருக்கும். ஆகவே பேக்கரிக்காரர் மேல் எனக்குப் பகை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு.

அவருடைய கடைச் சுவர் தெருவை ஆக்கிரமித்திருப்பதாக நகராட்சி நோட்டீஸ் விட்டது. இடிக்க நாளும் குறித்தாகிவிட்டது. சுவர் தன் இடத்தில்தான் நிற்கிறது என்று காட்ட, தெருவின் பழைய வரைபடத்தைக் கேட்டு அவர் மனு போட்டார். ஆவண அறை என் பொறுப்பு. 'தேடியும் கிடைக்கவில்லை, அப்படி ஒரு வரைபடம் அறையில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனிதர் விடாக்கண்டன். ஆவணங்களை நேரில் பார்வையிட உரிமை உண்டு என்று விதியைக் காட்டினார். விதி என்றால் விதிதான். கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"சார், கெடச்சிருச்சு. சுடுகாட்டு ஃபைல் கட்டுக்குள்ள செருகி வெச்சிருக்கீங்க. பரவாயில்ல விடுங்க, மனுசன்னா மறதி இருக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் கோபத்தில் எதையும் செய்கிறவன் அல்ல. நியாயமாக யோசித்தேன். இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த ஒன்று அவர் கையில் இருக்கிறது. அவர் வெளியே வந்தால் என் கையெழுத்து பொய்யாகிவிடும். வராவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. கதவைச் சாத்திப் பூட்டினேன்.

கத்தினார். வாய்மொழிக் கோரிக்கையை ஏற்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கதவுக்கு அடியில் வெள்ளைத் தாளும் பேனாவும் தள்ளிவிட்டேன். 'கதவைத் திற' என்று எழுதி அனுப்பினார். அது மனு இல்லை, கட்டளை. கட்டண வில்லையும் ஒட்டவில்லை. காரணம் குறிப்பிட்டுத் திருப்பித் தள்ளினேன்.

மறுநாள் அவர் மனைவி வந்தார்.

"அண்ணே, நேத்து இங்க வர்றேன்னுதான் கெளம்பினாரு. வீட்டுக்கே வரல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"எழுதிக் குடுங்கம்மா."

'என் கணவர் எங்கே?' என்று எழுதிக் கொடுத்தார். கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் வேலை அல்ல. இருக்கிற ஆவணத்துக்கு நகல் கொடுப்பதுதான் வேலை. அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

கீழே அவரும் அதற்குள் படிவம் பழகிவிட்டார். அடுத்த மனு அச்சடித்த மாதிரி இருந்தது. பெறுநர், பொருள், 'பணிவுடன் வேண்டுகிறேன்', எல்லாம் சரி. ஆனால் கேட்டிருந்தது தண்ணீர். அது எங்கள் பிரிவு இல்லை. கிடப்பில் போடாமல் அன்றே குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். மனுதாரர் பெயரில் ஆவண அறைக்குக் குழாய் இணைப்பு இல்லை என்று ஐந்து நாள் கழித்து அவர்கள் திருப்பியனுப்பினார்கள். அந்தப் பதிலைக் கொடுக்கக் கீழே போனபோது கதவு தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. தாளை உள்ளே தள்ளினேன். யாரும் எடுக்கவில்லை.

'மனுதாரர் மேற்கொண்டு தொடரவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்தேன்.

ஆமாம் ஐயா, பூட்டியது நான்தான். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தபோதே தெரியும். கடைச் சுவரையும் இடித்துவிட்டார்களாம். வருத்தமாகத்தான் இருக்கிறது, அப்படிப்பட்ட பன் இனி எங்கே கிடைக்கும்.

கதவை உடைத்த உங்கள் ஆட்கள் அவர் விரல்களைப் பிரித்து வரைபடத்தை எடுத்து வந்துவிட்டார்கள். அதோ, உங்கள் மேசைமேல் இருக்கிறது. வேண்டுமானால் இப்போது போய் என் அறையைத் தேடிப் பாருங்கள், ஐயா. அது அங்கே இல்லை. நான் எழுதிக் கொடுத்தது சரிதானே?