கருப்பட்டியின் உயரம்

உங்கள் உயரம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கும், இன்ஸ்பெக்டர். பூட்ஸைக் கழற்றினால் நூற்று அறுபத்தாறு. என் கண்ணளவு பெரும்பாலும் தப்பாது. ராணுவத்தின் குதிரைப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். லாரியிலிருந்து இறங்கும் குதிரையைத் தள்ளி நின்று பார்த்தே உயரத்தைச் சொல்லிவிடுவேன். குதிரையைத் தலைவரைக்கும் அளப்பதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளப்பார்கள். அந்த மேடு நூற்று நாற்பத்தெட்டைத் தாண்டினால் குதிரை. தாண்டாவிட்டால் மட்டக்குதிரை. இது நான் வகுத்ததல்ல. உலகம் முழுக்க அப்படித்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இந்த ஸ்டேஷனில் யாருக்கும் இது தெரியவில்லை. உங்கள் ரைட்டர் ‘குட்டிக் குதிரை’ என்று எழுதிவைத்திருக்கிறார். குட்டி வேறு, மட்டம் வேறு. குட்டி வளரும்.

சுடலையாண்டியை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவன் என் லாயத்தில் பதினான்கு வருடமாகச் சாணி அள்ளுகிறவன். எந்தக் குதிரைக்கு எவ்வளவு கொள்ளு என்று பலகையில் எழுதிப்போட்டாலும் மாற்றி வைப்பான். அப்படிப்பட்டவன் ஒன்பது நாள் கைதவறாமல் அளந்து ஒரு காரியத்தைச் செய்தான் என்று நீங்கள் நம்பியது எனக்கு வருத்தமாக இருந்தது. அவனுக்காக அல்ல. காரியத்துக்காக.

அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே, காற்றாடிகள் நிற்கும் பொட்டலில் இருக்கிறது என் பயிற்சிப் பள்ளி. நான் கற்றுக்கொடுப்பது டிரெஸ்ஸாஜ். பந்தயம் அல்ல, தாண்டுவதும் அல்ல. அறுபது மீட்டருக்கு இருபது மீட்டர் களத்துக்குள் குதிரை நடக்கும், ஓடும், குறுக்கே நகரும். மேலே இருப்பவர் எதுவும் செய்யாததுபோல் அமர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். அதிலே உச்சப் பிரிவில் பியாஃப் என்று ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே குதிரை தாளம் பிசகாமல் காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவது. ஆயிரம் குதிரையில் ஒன்றுக்கு அது வரும். அதைக் கொண்டுவர ஒரு மனிதனுக்குப் பாதி ஆயுள் போகும். எனக்குப் போயிற்று.

ஸ்மைலின் என்ற அந்தப் பெண் ஆறு வருடத்துக்கு முன் வந்தாள். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. உயரம் நூற்று நாற்பத்தாறு, எடை நாற்பத்துமூன்று கிலோ இருக்கும். அப்பா ரசலையன் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் ஒரு மினிலாரியில் மட்டக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள். கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பிள்ளைகளைச் சுமந்த மிருகம். கரும்பழுப்பு நிறம், பக்கத்தில் போனால் சேணம் உராய்ந்த தழும்பு. நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அதற்குக் கருப்பட்டி என்று பெயர் வைத்திருந்தாள். பெயரே அதன் தரத்தைச் சொல்லிவிடுகிறது.

உச்சப் பிரிவுவரைக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும், சொல்லித்தருவீர்களா என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன்.

“டீச்சரே, இது சின்ன பிள்ளைகள ஏத்திச் சுத்துக சாதனம். பெரிய ஆளுக்கு இதுல என்ன சோலி?”

“நானும் சின்ன பிள்ளைக்க ஒயரந்தானே சார் இருக்கேன்” என்றாள்.

கற்றுத்தர முடியாது என்று சொல்லிவிட்டேன். லாயத்தில் ஓர் இடம் மட்டும் வாடகைக்குக் கேட்டாள், கொடுத்தேன். கடைசிக் கொட்டில், மேற்கு வெயில் விழும் இடம். இரண்டு மாதத்தில் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. தினமும் காலையில் ஐந்தரை பஸ்ஸில் வந்து இறங்குவாள். மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். பிறகு களம் காலியானதும் போய், நான் சொன்னதையெல்லாம் அந்த மட்டத்தின் மேல் உட்கார்ந்து செய்துபார்ப்பாள். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து ஓடுவாள். சேலையில் குதிரை முடி ஒட்டியிருக்கும். வகுப்பில் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான்காவது வருடம் ஒரு காலையில் நான் கொள்ளு மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தபோது களத்திலிருந்து சத்தம் கேட்டது. குளம்புச் சத்தம், ஆனால் அது நகரவில்லை. வெளியே வந்து பார்த்தேன். கருப்பட்டி நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முதுகு தளர்ந்து, கழுத்து வளைந்து, பின்னங்கால்கள் அடியில் மடிந்து. பதினைந்து முறை கால் மாற்றியது. ஒன்றுகூடப் பிசகவில்லை. மேலே அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கீழே எந்தக் குதிரையும் அப்படி ஆடியதில்லை. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. கிளியும் பேசும், அதற்காக அதைச் சட்டசபைக்கு அனுப்ப மாட்டோம்.

மாநிலச் சங்கத்துக்கு அவள் விண்ணப்பம் போட்டபோது செயற்குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். மட்டக்குதிரை என்றால் சிறுவர் பிரிவு, வளர்ந்தவர்கள் அதில் ஏறி உச்சப் பிரிவுக்கு வருவதா என்றார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது நான். எங்கள் சங்கத்தின் விதியில் உச்சப் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் என்று எதுவும் இல்லை. யாருக்கும் எழுதத் தோன்றியிருக்கவில்லை. அனுமதிக்கலாம் என்று முதலில் கைதூக்கியவனும் நான். ஆயிரம் பேர் பார்க்கச் சிரிப்பை வாங்கிக்கொண்டால் அவளுக்கே புத்தி வந்துவிடும் என்று நினைத்தேன்.

தகுதிச் சுற்று கோயம்புத்தூரில் நடந்தது. என் மாணவர் யூஜின், நாகர்கோவிலில் எலும்பு டாக்டர், ஜெர்மனியிலிருந்து வரவழைத்த விக்டர் என்ற குதிரையில் ஏறினார். நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர். பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். அறுபத்துமூன்று சதவீதம் வாங்கினார். கருப்பட்டி அறுபத்தொன்பது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நடுவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த மாதிரி ஆட்களுக்கு இங்கே எதைப் பார்த்தாலும் அதிசயம்.

பரிசு வாங்கிக்கொண்டு அவள் மைக்கில் சொன்னது இதுதான்: “எல்லாம் எங்க தாணு சார்ட்ட வேலிக்கு வெளிய நின்னு படிச்சது.” கூட்டம் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. யூஜின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சங்கம் என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டது. வளர்ந்தவர்களோடு மட்டக்குதிரைகள் உச்சப் பிரிவில் போட்டியிடலாமா, நிரந்தரமாக ஒரு விதி வகுக்க வேண்டும் என்றார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். வளர்ந்த ஆளின் எடையை வைத்துக்கொண்டு இந்த அளவு உழைப்பை மட்டக்குதிரையின் இதயம் தாங்காது, ஒருநாள் களத்திலேயே விழும் என்று எழுதினேன். செயலாளர் அனில்குமார் போன் செய்தான். நேற்று வந்த பையன், குதிரையை டிவியில் பார்த்தவன். “சார் சொல்லது சரியாட்டு இருக்கலாம், ஆனா ஆதாரம் ஒண்ணும் இல்லியே” என்றான். களத்தில் குழுவின் முன்னால் ஒரு முறை ஆடிக் காட்டட்டும், அதை வைத்து முடிவு செய்வோம் என்றான். என் களத்திலேயே நடத்துங்கள் என்றேன். பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆதாரம் இல்லை என்றால் உண்டாக்கத்தான் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அப்படித்தானே செய்கிறார்கள். நாற்கரச் சாலையின் நடுவே மைல்கணக்கில் அரளி நட்டிருக்கிறார்கள். எந்த மாடும் பச்சையாக அதைத் தொடாது. காய்ந்து வைக்கோலோடு வைக்கோலாகிவிட்டால் கசப்பு தெரிவதில்லை. மெதுவாக இதயத்தைப் பிடிக்கும். முதல் இரண்டு நாள் எவ்வளவு என்று பார்ப்பதற்குப் போய்விட்டது. அதன்பின் ஒன்பது நாள் கருப்பட்டியின் தொட்டியில் என் கையாலேயே போட்டேன். சுடலையாண்டியிடம் அந்தத் தொட்டியைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவனுக்கு ஒரு வேலை குறைந்ததில் சந்தோஷம்.

எட்டாவது நாள் அவள் என்னைத் தேடி வந்தாள்.

“சார், கருப்பட்டி ரெண்டு நாளாட்டு தீனிய மிச்சம் வைக்கான். மூச்சும் ஒருமாதிரி இருக்கு. வேண்டாம்னு சொல்லீரட்டா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு ஜெயிச்சும் பிரயோஜனம் இல்ல.”

நான் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். அதன் நெஞ்சில் கை வைத்தேன். நான் நினைத்தபடிதான் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்ல மக்கா. பயம் ஒனக்குத்தான், அதுக்கில்ல. தைரியமாட்டு ஏறு” என்றேன்.

ஆறு வருடத்தில் அவளை நான் மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்களை இதனால்தான் நான் குதிரைப் பக்கம் சேர்ப்பதில்லை.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் குழுவினர் பந்தலில் உட்கார்ந்தார்கள். ரசலையனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நடுவர் மேசையில் நான். கருப்பட்டி உள்ளே வந்தது, வணங்கியது, ஓடியது. முதல் பியாஃபுக்கு நான் எட்டு போட்டேன். மதிப்பெண்ணில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. இரண்டாவது பியாஃபுக்காகக் களத்தின் நடுவே நின்றபோது முன்னங்கால் மடங்கியது. அவள் குதித்திருக்கலாம். நேரம் இருந்தது, நான் பார்த்தேன். அவள் குதிக்காமல் அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முன்னூறு கிலோ அவள்மேல் சாய்ந்தது. கருப்பட்டி களத்திலேயே செத்தது. அவளுக்கு ஆம்புலன்ஸ் சுசீந்திரம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அதை நான் திட்டமிடவில்லை. அது குதிக்கத் தெரியாததால் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரசலையன் என்னிடம் வந்தார். “சார், ஒங்களுக்குத்தான் தெரியும். எனக்க மவளுக்க கனந்தானா அத கொன்னுது?” என்று கேட்டார்.

“ஆமா. அதுதான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அடக்கத்துக்கு முன்னால் என் களத்துக்கு வந்தார். தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்த அந்த மிருகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்க பிள்ளைய மன்னிச்சிரு என்று அதனிடம் சொன்னார். படிப்பில்லாத மனுஷன். அன்றைக்குச் சாயங்காலமே குழு விதியை எழுதிவிட்டது. என் நான்கு பக்கத்திலிருந்து இரண்டு வரியை அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

கால்நடை மருத்துவர் லிஜா, கருப்பட்டியின் வயிற்றிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்று தடுத்தேன், கேட்கவில்லை. அந்த அறிக்கைதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அரளி என்று போட்டிருக்கிறாள், சரி. போட்டவன் நான். அதில் எனக்கு மறுப்பு இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்றாவது பத்தியில், ‘சுமந்த எடைக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, இதயம் அசாதாரண வலுவோடு இருந்தது’ என்று எழுதியிருக்கிறாள். அது தவறு. அதைத் திருத்தத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை. முதல் இரண்டு நாள் அளவு பார்ப்பதற்குப் போயிற்று என்றேனே, அது விக்டரிடம் பார்த்தது. யூஜினுக்குத் தெரியாது; வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டார். விக்டர் இரண்டாம் நாளே படுத்துவிட்டது. மேலே ஆளும் இல்லை, உழைப்பும் இல்லை, லாயத்தில் சும்மா நின்ற குதிரை. நான் உடனே நிறுத்திவிட்டேன். உயர்ந்த ரத்தம், அதற்கு உணர்ச்சி அதிகம். கருப்பட்டிக்கும் அதே அளவுதான், ஒரு பிடி கூடக் குறையவில்லை. ஒன்பது நாள் தின்றது. பத்தாம் நாள் அவளைச் சுமந்துகொண்டு வந்து எட்டு மதிப்பெண்ணுக்கு ஆடியது. அதன் பிறகு அதனால் முடியவில்லை.

முடியாது என்றுதான் நான் எழுதியிருந்தேன். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.