நீ வந்தா நானும் வர்றேன்

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, அறிவை அள்ளி அள்ளித் தந்தும் அலுக்காத ஆசிரியப் பெருமக்களே, பிள்ளையை விட்டுப் போக மனமின்றிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, இன்று கல்லூரியில் காலடி வைத்திருக்கும் கண்மணிகளே, வணக்கம்! ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்தவருக்குத் தனி வணக்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதே கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தபோது எனக்குப் பெயரே குட்டைதான். என் தோழி நெட்டை. ஒரே பெஞ்ச், ஒரே குடை, ஒரு தேநீரையும் பாதி பாதியாகக் குடிப்போம். எங்கள் வேதவாக்கு ஒன்றே ஒன்று: "நீ வந்தா நானும் வர்றேன்."

கேட்க இனிக்கிறதல்லவா? அந்த இனிப்புதான் எங்களைக் கெடுத்தது! பேச்சுப் போட்டியா? அவள் வருவாளா என்று நான் பார்த்தேன். ஓட்டப் பந்தயமா? நான் வருவேனா என்று அவள் பார்த்தாள். பார்த்துப் பார்த்தே இரண்டாண்டுகள் பறந்தன.

மூன்றாம் ஆண்டில் ஓர் அறிவிப்பு. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள். விடுமுறை முழுவதும் அங்கே பயிற்சி. மாலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நெட்டைக்குப் பாலம் என்றால் உயிர். பேருந்து பாலத்தில் ஏறினாலே சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தூண்களைப் பார்ப்பாள்; நடத்துனரிடம் திட்டும் வாங்குவாள். எனக்கோ உயரம் என்றாலே உள்ளங்கால் கூசும். "வீட்ல கேட்டுச் சொல்றேன்டி" என்று இழுத்தேன். "பரவால்லடி, நீ சொல்ற வரைக்கும் நானும் பேர் கொடுக்கல" என்றாள். கேன்டீனில் தேநீர் ஆறியது. அலுவலகக் கதவும் மூடியது.

பெருமூச்சு விடாதீர்கள் அம்மா, கதை இன்னும் முடியவில்லை!

வாசலில், பெயர்ப் பட்டியலை வாங்க வந்திருந்த பாலத்துப் பொறியாளர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். நெட்டை ஓடினாள், பின்னால் நான் ஓடினேன்.

"சார், நான் பேர் கொடுக்கல. ஆனா வந்தே ஆகணும்."

"இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணுன?"

"ஃப்ரெண்டுக்காகக் காத்திருந்தேன் சார்."

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒரு இடம்தான் மிச்சம் இருக்கு."

அவள் என்ன செய்தாள் தெரியுமா? திரும்பி என்னைப் பார்த்தாள்! கனவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அவளோ என் முகத்தில் அனுமதி தேடுகிறாள்.

"என்னை ஏன்டி பார்க்கற? போடி!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

போனாள். இன்று பாலங்கள் கட்டுகிறாள். அந்த விடுமுறையில் தனியாக அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? கல்லூரி திறந்ததும், அவளிடம்கூடச் சொல்லாமல், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். பாதியில் மறந்து மேடையில் விழித்தேன். அரங்கின் கடைசியில் ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள். அந்த உயரத்தை யாருக்குத்தான் தெரியாது!

செல்வங்களே! நட்பை விடச் சொல்லவா வந்தேன்? இல்லை, இல்லவே இல்லை! காத்திருப்பது மட்டுமா நட்பு? கலங்கிய கண்ணோடு 'போ' என்று தள்ளுவதும் நட்பு! தயங்கி நிற்பது தவறல்ல. அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் தோழி தயங்குகிறாள் என்று நீ தயங்காதே! தோழன் நின்றுவிட்டான் என்று நீயும் நிற்காதே!

வெளியே நாடகத்துக்கும் விளையாட்டுக்கும் ஆய்வுக்கும் பெயர் கேட்டு மேசை போட்டிருக்கிறார்கள். அதோ, இப்போதே பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறீர்களே! பார்க்காதீர்கள். எழுந்து போங்கள். உங்கள் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி. நடக்கப்போகும் கால்களுக்கு என் வணக்கம்!