ஓடிபி போய்ச் சேரும் எண்

என் குறிப்பேட்டில் உள்ளது: ‘செவ்வாய், காலை 9.40, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம், ஷேர் ஆட்டோ.’ எதிரே ஒரு பெண்ணும் அவள் கணவனின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொன்ன ஒரு வாக்கியம் என்னை நிமிர வைத்தது.

“உங்க அண்ணன் செத்து ஆறு மாசம் ஆவுது. நேத்துகூட மூணு பேரு அவருக்கு தேங்க்ஸ் சொல்லி எழுதிகீறாங்க.”

“எதுக்கு அண்ணி?”

“கிரேன் ஆபரேட்டர் பரீச்சைக்கு மாதிரி கேள்வித்தாள் போட்டு நெட்டுல சைட்டு வெச்சிருந்தாரே, அதுக்கு. விளம்பரம், பிடிஎஃப், வீடியோன்னு அதுல வர்றதுலதான் எங்க வூட்ல உலை கொதிக்குது. வெள்ளிக்குள்ள வருசப் பணம் கட்டலன்னா சைட்டு போயிடும்.”

“கட்டிடலாமே?”

“உள்ள போனாத்தானே கட்டறது? ஓடிபி அவரு நம்பருக்குப் போவுது.”

அவன் சொன்னான்: “கருமாதி முடிஞ்சதும் நான்தான் அந்த நம்பரைக் கட் பண்ணேன். யாரு போன் பண்ணாலும் நீ அழுதுகினு இருந்தே.”

“உன்னக் குத்தம் சொல்லல தம்பி. காலையில அடிச்சுப் பார்த்தேன். அந்த நம்பர வேற யாருக்கோ குடுத்துட்டாங்க போல, யாரோ ஒரு பொம்பள எடுத்தா.”

“இன்னா கேட்டே?”

“பழக்கத்துல ‘சாப்ட்டியா’ன்னு கேட்டுட்டேன். ‘சாப்ட்டேன், நீங்க யாரு’ன்னா. வெச்சுட்டேன்.”

“ஓடிபி சொல்லுன்னா நம்மளத் திருடன்னு நெனைப்பா.”

“நெனைக்கட்டும். நீ பேசு.”

அவன் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அந்த எண்ணை இப்போது வைத்திருக்கும் பெண் ஓடிபியைச் சொன்னாளா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.