ஏழு நாளும் செவ்வாய்

ஐப்பசியின் இரண்டாம் புதன். கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் மிளகு வியாபாரி. மற்றவருக்குத் தலைமுடி காதை மூடியிருந்தது.

“முடி வெட்டத்தானுங்க கீழ போறேன். நாளைக்கு மகளுக்கு நிச்சயம்.”

வியாபாரி சிரித்தார். “ஏனுங்க, இதுக்குப் போய் எழுவது வளைவு இறங்கோணுமா? உங்கூரு பஸ் ஸ்டாப்புலயே சலூன் இருக்குதே!”

“எங்க காலனி ஆளுகளுக்கு அங்க வெட்ட மாட்டாங்க. ஊர்க்காரங்களுக்குச் செவ்வாக்கிழமை மட்டும் கடை லீவு. எங்களுக்கு ஏழு நாளும் செவ்வாதானுங்க.”

“புகார் குடுக்கலாமில்லீங்க?”

“குடுத்தமுங்க. ஆடி மாசம் ஆபீசருங்க வந்து, என்னையவே அந்தக் கடைச் சேர்ல உக்கார வெச்சு வெட்டச் சொன்னாங்க. போட்டோ எடுத்தாங்க. தீண்டாமை ஒழிஞ்சுதுன்னு பேப்பர்ல கூட வந்துச்சு.”

“பொறகென்னங்க, ஜெயிச்சாச்சு!”

அவர் காதோர முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டார்.

“ஜெயிச்சமுங்க. ஆனா முடி மறுபடி வளந்துருச்சுங்களே.”